27 வயதில் ஒரு நாள்: நீலகிரிப் பள்ளிகளில் எதிர்கால வகுப்பு எடுக்க வருகிறவர்களுக்கு

ஏழாம் வகுப்பில் போய் நின்று, “பெரியவங்களாகி என்ன ஆகப்போறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். கோத்தகிரியானாலும் பந்தலூரானாலும் மூன்று நிமிடத்தில் பதில் முடிந்துவிடும். போலீஸ், டீச்சர், டாக்டர், கலெக்டர், மிலிட்டரி. முந்தின பிள்ளை சொன்னதையே அடுத்த பிள்ளையும் சொல்லும். இதைக் கேட்டுவிட்டு, மலைப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆசை கிடையாது என்று முடிவுகட்டி இறங்கிப் போனவர்கள் உண்டு. அது பெரிய தவறு. யூனிபார்மோடும் மேஜையோடும் தங்கள் கண்ணில் பட்டவர்களைத்தான் பிள்ளைகள் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தே இராத வேலையை யாரால் விரும்ப முடியும்?

அதனால் அந்தக் கேள்வியை முதலில் கைவிடுங்கள். வேலையின் பெயரைக் கேட்காமல், ஒரு நாளைக் கேளுங்கள். 27 வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி விடியும், எப்படி முடியும் என்று ஒரு பிள்ளை முழுதாகக் கற்பனை செய்துவிட்டால், அந்த நாளுக்குப் போகும் வழியைப் பின்னாலிருந்து அவிழ்த்துக்கொண்டே வந்து இன்றைய ஏழாம் வகுப்பில் கட்டிவிடலாம். கீழே உள்ளது அதற்கான ஆறு வகுப்புகள். புதிதாக வந்த ஆசிரியர், தன்னார்வலர், இல்லம் தேடிப் பாடம் சொல்லித்தருபவர் யாரும் நடத்தலாம்.

வருவதற்கு முன்

தலைமையாசிரியரிடம் அடுத்தடுத்த இரண்டு பீரியடுகள் கேளுங்கள். 80 நிமிடத்துக்குக் குறைந்தால் வரைந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். வாரத்துக்கு ஒன்று போதும். வீட்டில் கேட்டு வரவேண்டிய வேலை இருப்பதால் நடுவில் ஒரு ஞாயிறு வர வேண்டும். வெளியாள் என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். பிள்ளைகளைப் போட்டோ எடுக்காதீர்கள்.

மாதம் பார்த்துத் தொடங்குங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை விடுமுறை எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையும் மண்சரிவும் பஸ்ஸை நிறுத்திவிடும். படுகர்களின் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பா நாட்களில், ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களின் பிள்ளைகள் வகுப்பில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். பொங்கலுக்குப் பிறகு தொடங்கி மார்ச்சுக்குள் முடிப்பது ஆறு, ஏழாம் வகுப்புக்கு நல்லது. எட்டாம் வகுப்புக்கு அந்தக் காலம் உதவித்தொகைத் தேர்வோடு முட்டும். அவர்களுக்குச் செப்டம்பரில் வையுங்கள்.

பள்ளி விட்ட பிறகு ஐந்து நிமிடம்கூடப் பிடித்து வைக்கக் கூடாது. அந்த ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் இருட்டில்தான். கூடலூர், பந்தலூர்ப் பாதைகளில் இருட்டு என்றால் யானை.

30 பிள்ளைகளுக்கு வேண்டியவை: ஒருபக்கம் அச்சான ஏ4 தாள் 120, சார்ட் 10, மெழுகு வண்ணக்குச்சி 15 பெட்டி, சணல் கயிறு 20 மீட்டர், துணி கிளிப் 100, பழுப்புக் காகித உறை 30. ஸ்கெட்ச் பேனா வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் இழுத்த தாளில் மை பரவி எழுத்து அழியும். ஈரச்சுவரில் செலோடேப்பும் ஒட்டாது. ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, துணி காயப்போடுவது போலக் கிளிப்பில் மாட்டுவதுதான் மலைப் பள்ளிக்குச் சரி.

முதல் வகுப்பு: ஒரு கப் டீ

மேஜையில் ஒரு டம்ளர் டீயை வையுங்கள். “இது இங்க வர்றதுக்கு எத்தனை பேர் வேலை செஞ்சிருப்பாங்க?” நாலு பேர், அஞ்சு பேர் என்று தொடங்குவார்கள். சார்ட்டின் நடுவே டம்ளரை வரைந்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். நாற்றங்கால், கவாத்து, கொழுந்து பறிப்பு, எடை, லாரி இவை பிள்ளைகளே சொல்வது. அதற்குப் பிறகு நீங்கள் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டும். பேக்டரியில் இலையை வாட்டுவது, சி.டி.சி. மெஷினில் நசுக்கிக் கிழிப்பது, புளிக்கவிடுவது, உலர்த்துவது, சலித்து ரகம் பிரிப்பது. மெஷின் உருளையின் பல் மழுங்கினால் தீட்டுவது யார்? கரண்ட் போனால் யாரைக் கூப்பிடுவார்கள்? எத்தனை நேரம் வாட்டினால் போதும் என்று முடிவெடுப்பது யார்? டீத்தூளை ருசித்துத் தரம் சொல்கிறவர், குன்னூர் ஏலத்தைக் கம்ப்யூட்டரில் நடத்துகிறவர், பாக்கெட்டின் மேல் படம் வரைகிறவர், பூச்சி விழுந்த இலையை ஆய்வகத்தில் பார்க்கிறவர். பொறுமையாகப் போனால் 30 வேலை சுலபமாகத் தேறும்.

இங்கே ஒரு கணக்கையும் கொடுங்கள். ஒரு கிலோ டீத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். ஒரு கப்புக்கு 2 கிராம் தூள். அம்மா ஒரு நாளில் 45 கிலோ பறித்தால் அது 10 கிலோ தூள், 5,000 கப் டீ. இந்த எண்ணைப் பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். கொழுந்து பறிப்பதைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை நிமிர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஊட்டி, குந்தா பக்கம் டீக்குப் பதில் கேரட்டை வையுங்கள்: விதை, உரம், பறிப்பு, கழுவும் மெஷின், மூட்டை, லாரி, மேட்டுப்பாளையம் மண்டி. முதுமலையை ஒட்டிய பள்ளி என்றால் தெப்பக்காடு முகாமின் ஒரு யானையை வையுங்கள்: மாவுத்தன், அவருக்கு உதவியாளரான காவடி, கால்நடை மருத்துவர், தீவனக் கணக்கு எழுதுகிறவர், ரேஞ்சர், ஆராய்ச்சியாளர்.

இதில் தவறு நேர்வது ஓரிடத்தில். வேலைகளை ‘பெரிய வேலை, சின்ன வேலை’ என்று நீங்களே அறியாமல் மேலும் கீழுமாக எழுதிவிடுவீர்கள். பிள்ளைகள் அதை உடனே கவனிப்பார்கள். எல்லாக் கோடும் டம்ளரிலிருந்து ஒரே நீளத்தில் போகட்டும்.

இரண்டாவது வகுப்பு: வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வந்தது

முதல் வகுப்பின் முடிவிலேயே இந்தக் கேள்விகளைக் கொடுத்தனுப்ப வேண்டும். “உங்க வேலை என்ன?” என்று கேட்டால் ‘கூலி’ என்று ஒரே சொல்லோடு தாள் திரும்பி வரும். ஆகவே இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: நேற்று வேலையில் கையால் செய்தது என்ன? மனசுக்குள் கணக்குப் போட்டது எப்போது? நீங்களே முடிவெடுத்தது எது? புது ஆளுக்கு எதைக் கற்றுக்கொடுக்க அதிக நாள் ஆகும்? என் வயதில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

கொழுந்துக் காலத்தில் வார நாளில் இதைக் கொடுத்துப் பயனில்லை. சாயங்காலம் களைத்து வரும் அம்மாவுக்கு அடுப்பு வேலை காத்திருக்கும். ஞாயிறுதான்.

அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் லயன்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, வரும் பிள்ளைகளுக்குக் கடைசிக் கேள்வி வேறு கதவைத் திறக்கும். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலை போடத் தொடங்கியது. பாட்டியோ தாத்தாவோ பிள்ளையின் வயதில் கடல் தாண்டி வந்தவர்களாக இருக்கலாம். வலியுள்ள விஷயம், வகுப்பில் வாசிக்க வற்புறுத்தாதீர்கள். தானாகச் சொல்ல வந்தால், முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். ஒரு குடும்பம் தன் வாழ்க்கையை எவ்வளவு மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு அதைவிடப் பக்கத்திலுள்ள சாட்சி அந்த வகுப்பில் கிடைக்காது.

மூன்றாவது வகுப்பு: அந்தச் செவ்வாய்க்கிழமை

இதுதான் உயிர். அவசரப்படாதீர்கள்.

ஏன் 27? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 12 வயது. 18 என்று சொன்னால் இன்னொரு பள்ளியையோ காலேஜையோ வரைவார்கள். 40 என்றால் அப்பா முகம் வந்துவிடும். 27-ல் படிப்பு முடிந்திருக்கும், கையில் சம்பளம் இருக்கும், வாழ்க்கை இன்னும் உறைந்திருக்காது. செவ்வாய்க்கிழமை என்பதற்கும் காரணம் இருக்கிறது. நாளைக் குறிக்காவிட்டால் எல்லாரும் தீபாவளியை வரைவார்கள்.

முதுகோடு முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவது நிற்கும். தாளை எட்டாக மடித்தால் எட்டுக் கட்டம். முதல் 30 நிமிடம் படம் மட்டும், எழுத்து கூடாது. கட்டத்துக்கு ஒரு கேள்வியாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்:

1. காலையில் கண் திறந்ததும் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது? மூடுபனியா, வெயிலா, கட்டடமா?
2. வீட்டில் உன்னோடு யார் யார்?
3. வேலைக்குப் போகும்போது காலில் என்ன போட்டிருக்கிறாய்? எதில் போகிறாய்?
4. காலை 10 மணிக்கு உன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது?
5. உன்னைத் தேடி வருகிறவர் யார்? என்ன கேட்டு வருகிறார்?
6. மத்தியானச் சாப்பாடு யாரோடு?
7. அன்று எது சரியாக வரவில்லை? நீ என்ன செய்தாய்?
8. ராத்திரி படுக்கும்போது யாருக்குப் பணம் அனுப்பினாய், எதை மிச்சம் வைத்தாய்?

நான்காவதும் ஏழாவதும் முக்கியம். “பெரிய வீடு, கார்” என்று முதல் மூன்று கட்டத்தையும் நிரப்பும் பிள்ளை நான்காவதில் வந்து நிற்கும். நிற்கட்டும். “பத்து மணிக்கு கை என்ன பண்ணுது, சொல்லு கண்ணு” என்று மட்டும் கேளுங்கள். எழுதுகிறதா, தைக்கிறதா, ஊசி போடுகிறதா, மண் கிளறுகிறதா, ஸ்டியரிங் பிடித்திருக்கிறதா? வேலையின் பெயர் தெரியாத பிள்ளைக்கும் கை தெரியும். பெயரை அடுத்த வாரம் நீங்கள் தேடிக் கொடுக்கலாம்.

எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் சிலர் கல்யாணத்தை மட்டும் வரைந்துவிட்டு மீதியைக் காலியாக விடுவார்கள். திட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். “சரி, அன்னைக்கு அவங்க கிளம்பிப் போனப்புறம் பத்து மணிக்கு நீ என்ன பண்றே?” என்று அதே கேள்விக்கே திரும்புங்கள். வீட்டில் ஏற்கெனவே பேச்சு நடக்கிறது என்று தோன்றினால் வகுப்பாசிரியரிடம் அன்றே தனியாகச் சொல்லுங்கள். 18 வயதுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் பிள்ளைகள் பேசாமல் இருந்தால் யோசனை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு மொழி வேறு, பள்ளித் தமிழ் வேறு. கூடலூர் வகுப்பறையில் நாலைந்து மொழிகள் இருக்கும். தங்களுக்குள் தங்கள் மொழியில் பேசிவிட்டு ஒருவர் தமிழில் சொல்லட்டும். படுகப் பிள்ளைகளுக்கும் இதே சலுகை வேண்டும். தோடர் பிள்ளை எருமையோடு தங்கள் குடியிருப்பான மந்தில் இருப்பதை வரைந்தால் அதுவும் முழு விடைதான். மலையை விட்டு இறங்குவதைத்தான் முன்னேற்றம் என்று நீங்கள் நினைத்தால், அந்த நினைப்பு உங்கள் முகத்தில் தெரியும். அந்தப் பிள்ளையிடமும் ஏழாவது கட்டத்தைக் கேளுங்கள்: எருமைக்கு நோய் வந்தால் யார் பார்ப்பது? பாலை எங்கே விற்பது? அதிலிருந்து கால்நடை மருத்துவமோ கூட்டுறவுக் கணக்கோ தானாக வரும்.

நான்காவது வகுப்பு: கயிற்றில் பின்னோக்கி நடப்பது

ஜன்னல்களுக்கு நடுவே கயிறு கட்டி 27 முதல் 12 வரை வயது அட்டைகளைக் கிளிப்பில் மாட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் 27-ல் நின்று, “இதுக்கு முந்தி என்ன முடிச்சிருக்கணும்?” என்று கேட்டுக்கொண்டே இன்றைய வயதுக்கு நடந்து வர வேண்டும். இங்கே ஆசைக்கு எலும்பு சேர்கிறது. நீங்கள் சொல்லும் தகவலில் தவறு இருக்கக் கூடாது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நேர்வழி, ஒரு பக்கவழி சொல்லுங்கள். ஒற்றை வழி மட்டும் தெரிந்த பிள்ளை ஒரு தேர்வில் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைத்துவிடும்.

நர்ஸ் என்றால் பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், அதற்கு +2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும்; டிப்ளமோ 3 வருடம். மெஷின், கரண்ட் வேலை என்றால் எட்டாவது முடித்து 14 வயதானவருக்கே ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகள் உண்டு. பிட்டர், எலக்ட்ரீசியனுக்குப் பத்தாவது வேண்டும். குன்னூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, ஊட்டியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமோ 3 வருடம் படித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். இதைச் சொன்னதும் பல அப்பாக்கள் “அப்படியா?” என்பார்கள். வனக் காவலருக்குப் பத்தாவது, வனக் காப்பாளருக்கு +2-வில் அறிவியல் பாடம், இரண்டுக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்க +2-க்குப் பின் இரண்டு வருட ஆசிரியர் பட்டயம், அதற்கு மேல் பட்டமும் பி.எட்.டும், இரண்டுக்கும் தகுதித் தேர்வு. ரயில் ஓட்ட ஆசைப்படும் பிள்ளை குன்னூரில் கட்டாயம் இருக்கும். உதவி லோகோ பைலட்டுக்குப் பத்தாவதோடு ஐ.டி.ஐ., அல்லது டிப்ளமோ.

பெரும்பாலான கயிறு அறுந்துபோகும் இடம் 15 வயது, அதாவது பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுப்பது. உயிரியல் எடுக்காதவர் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர முடியாது, கணக்கு எடுக்காதவருக்கு இன்ஜினியரிங் கஷ்டம். மலையில் எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் கண்டுபிடித்து வரவேண்டிய கேள்வி ஒன்று: என் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய எந்தப் பள்ளியில் எனக்கு வேண்டிய குரூப் இருக்கிறது, காலை பஸ் எத்தனை மணிக்கு? பஸ் இல்லையென்றால் விடுதி எங்கே? ஏழாம் வகுப்பில் கேட்டால் மூன்று வருட அவகாசம் இருக்கும்.

ஐந்தாவது வகுப்பு: வேலை செய்கிறவரை நேரில் பார்ப்பது

ஜெயித்தவரின் உரை வேண்டாம். 20 நிமிடம், கையில் ஒரு கருவியோடு ஒருவர் வரட்டும். அதே ஹட்டியிலிருந்தோ அதே லயனிலிருந்தோ போனவர் என்றால் இன்னும் நல்லது. மூன்று கேள்வியை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்: நேற்று பத்து மணிக்கு உங்கள் கை என்ன செய்தது? ஏழாவதில் எந்தப் பாடம் வராமல் இருந்தது? முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, எப்படிச் செலவானது? இல்லாவிட்டால் கஷ்டப்பட்ட கதையும் புத்திமதியுமாக நேரம் போய்விடும்.

வெளியே அழைத்துப் போக முடிந்தால் நீலகிரியைப் போல வாய்ப்புள்ள மாவட்டம் குறைவு. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-லிருந்து இருக்கிறது. மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதையில் ஓடும் நீராவி இன்ஜின்களில் சிலவற்றைச் செய்தது திருச்சி பொன்மலைப் பணிமனை. பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேனைக் காட்டுங்கள், அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை ஊட்டிப் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பார்கள். 1970-லிருந்து இயங்குகிறது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இந்த இடத்தின் அட்சரேகை 11 பாகை. அதே அளவு சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாகத் தொலைநோக்கியை நிறுத்தினார்கள். தண்ணீர் குடம் தூக்கி ஏறும் சரிவையே ஒருவர் காரணத்தோடு தேடி வந்தார் என்று பிள்ளைகளுக்கு விளக்குங்கள். அங்கே விஞ்ஞானி மட்டும் இல்லை. வெல்டர், எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன், கணக்கர் எல்லாரும் வேண்டும். எங்கே போவதானாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும்.

ஆறாவது வகுப்பு: பெற்றோரோடு, காகிதங்கள்

ஞாயிறு காலை 11 மணி. இதை விட்டுவிட்டால் முன்னால் செய்த ஐந்தும் தாளிலேயே நின்றுவிடும். பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை இவை.

மருத்துவத்தில் 2020 முதலும், இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் +2 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளிகள் சேராது. நடுவில் இரண்டு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் குடும்பம் அந்த முடிவுக்கு முன் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு. குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. மனத்திறன் 90, பாடத்திறன் 90 கேள்விகள், தலா 90 நிமிடம். தேர்வானால் ஒன்பது முதல் +2 வரை மாதம் 1,000 ரூபாய். பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். உயர்கல்விக்குப் போனதும் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆறு முதல் +2 வரை அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும்.

பிறகு சாதிச் சான்றிதழ். எஸ்.டி. சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர்தான் தருவார். விசாரணைக்கு நாள் பிடிக்கும். அப்பாவுக்கே சான்றிதழ் இல்லாத குடும்பத்துக்கு இன்னும் அதிகம். பத்தாவது முடித்துத் தேட ஆரம்பித்தால் சேர்க்கைத் தேதி போய்விடும். ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவேடு மூன்றையும் எடுத்துவரச் சொல்லி, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே ஒவ்வொருவருக்கும் பாருங்கள். ஒன்றில் ‘ப’வுக்கு ஒரு ஆங்கில எழுத்து, இன்னொன்றில் வேறு எழுத்து என்று நிறைய வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஏறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. ஏழாவதில் என்றால் பள்ளி அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் முடிகிற காரியம்.

பெற்றோர் முன்னால் பிள்ளையின் படத்தை நீங்கள் காட்டாதீர்கள். பிள்ளை விரும்பினால் தானே காட்டும். சுவரிலும் ஒட்டாதீர்கள், “கலெக்டரம்மா வர்றாங்க” என்று கூப்பிட்டுக் கேலி செய்ய ஒரு வாரம் போதும், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எதையும் வரையாது. தாளை உறையில் போட்டு, மேலே பெயரும் தேதியும் மட்டும் எழுதி, வகுப்பாசிரியரின் பீரோவில் வையுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் பழைய தாளைப் பார்க்காமல் புதிதாக ஒன்று வரையச் சொல்லி, பிறகு இரண்டையும் கையில் கொடுங்கள். நாள் மாறியிருக்கும், பத்து மணிக்கு அந்தக் கை செய்வது மாறாமல் இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாவது முடித்து வேறு பள்ளிக்குப் போகிற பிள்ளையிடம் மாற்றுச் சான்றிதழோடு இந்த உறையையும் சேர்த்துக் கொடுத்து, குரூப் எடுக்கும் நாளில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.